ஒட்டுக்கேட்பவர் எங்கே நிற்கிறார்?

1903 ஜூன் மாதம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் கம்பியில்லாத் தந்தி பற்றிப் பொதுமக்களுக்கு விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். சுமார் 300 மைல் தள்ளி, கார்ன்வால் கடற்கரையில் உள்ள போல்டூ நிலையத்திலிருந்து மார்க்கோனி செய்தி அனுப்புவதாக ஏற்பாடு. அந்தச் செய்தி வருவதற்குச் சற்று முன்பே அரங்கில் இருந்த கருவி துடிக்கத் தொடங்கியது. ஃபிளெமிங்கின் உதவியாளர் அந்தத் துடிப்பை மோர்ஸ் எழுத்துகளாகப் படித்தார். ‘எலிகள்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு, இத்தாலிய இளைஞன் ஒருவன் ஊரை ஏமாற்றுவதாக மார்க்கோனியைக் கேலி செய்யும் வரிகள் வந்தன.

அனுப்பியவர் நெவில் மாஸ்கலின். மேடையில் மாயாஜாலம் காட்டுபவர், மின்பொறியியலும் அறிந்தவர். கடலடிக் கேபிள் நடத்திவந்த ஈஸ்டர்ன் டெலிகிராஃப் நிறுவனம் அதற்கு முன்பே அவரை அமர்த்தி, போர்த்கர்னோ அருகே உயரமான கம்பம் நட்டு மார்க்கோனியின் செய்திகளைப் பிடிக்க வைத்திருந்தது. பிடித்தவற்றை 1902-லேயே அவர் ‘எலக்ட்ரீஷியன்’ இதழில் வெளியிட்டுவிட்டார். மார்க்கோனியோ, அனுப்பும் கருவியையும் பெறும் கருவியையும் ஒரே அலைநீளத்துக்கு இசைவித்துவிட்டால் வேறு யாராலும் செய்தியைப் பிடிக்க முடியாது என்று சொல்லிவந்தார். அதே அலைநீளத்துக்கு இசைவிக்கத் தெரிந்த இன்னொருவர் இருக்கக்கூடும் என்பதை அந்த வாதம் கணக்கில் எடுக்கவில்லை.

அலையின் பௌதிகமே இரகசியத்தைக் காக்கும் என்ற நம்பிக்கைக்குப் பொதுமேடையில் விழுந்த முதல் அடி அது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே எண்ணம் வலுவான கணிதத்தோடு திரும்பி வந்தது. இன்று அதைப் பௌதிக அடுக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். செய்தியை மறையாக்கம் செய்து அனுப்புவது மேலடுக்குகளின் வேலை. அலை, ஆன்டெனா, இரைச்சல் ஆகியவை புழங்கும் அடிமட்டத்திலேயே ஒட்டுக்கேட்பைத் தடுக்கப் பார்ப்பது இந்தத் துறை. 6ஜி பற்றிய ஆய்வுகளில் இதற்குப் பெரிய இடம் தரப்படுகிறது. இதன் கணிதம் பிழையற்றது, அழகானதும்கூட. ஆனால் அது தரும் உறுதி ஒவ்வொன்றும் ஒட்டுக்கேட்பவரைப் பற்றிய ஏதோ ஓர் அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. எங்கே இருக்கிறார், எத்தனை ஆன்டெனா வைத்திருக்கிறார், அவருடைய ரிசீவர் எவ்வளவு நுட்பமானது என்பவற்றில் ஏதாவது ஒன்றாவது தெரிந்தாக வேண்டும். வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவர் எந்த அலையையும் வெளியிடுவதில்லை. அவர் இருப்பதே நமக்குத் தெரியாது. இந்தத் துறையின் வரலாறு முழுவதையும் இந்தச் சிக்கலோடு நடந்த மல்லுக்கட்டாகவே நான் வாசிக்கிறேன்.

இரைச்சலைக் காவலுக்கு வைக்கும் எண்ணம் போர்க்காலத்தில் செயலுக்கு வந்தது. 1943-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய சிக்சாலி என்ற தொலைபேசி அமைப்பு, தலைவர்களின் பேச்சை எண்களாக்கி அவற்றோடு இரைச்சலைக் கலந்து கடல் கடந்து அனுப்பியது. இரைச்சல் பதிந்த இசைத்தட்டின் ஒரு பிரதி இங்கும் மறு பிரதி அங்கும் இருக்கும்; பெறும் இடத்தில் அதே இரைச்சலைக் கழித்தால் பேச்சு மீளும். ஒருமுறை பயன்படுத்திய தட்டை மறுபடி பயன்படுத்தமாட்டார்கள். அதே ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய முறையை எவ்வளவு கணக்குப்போட்டாலும் உடைக்க முடியாது என்று நிறுவியது. அதன் விலையையும் அதே கட்டுரை சொன்னது: சாவி, செய்தியின் அளவுக்காவது நீளமாக இருக்க வேண்டும். அவ்வளவு நீளமான சாவியை இரகசியமாகக் கொண்டுசேர்க்க வழியிருந்தால் செய்தியையே அந்த வழியில் அனுப்பிவிடலாமே என்று தோன்றும்.

ஷானனின் கணக்கில், அனுப்பியது எதுவோ அது பெறுநருக்கும் ஒட்டுக்கேட்பவருக்கும் ஒன்றுபோலவே கிடைக்கிறது. 1975-இல் பெல் ஆய்வகத்தின் ஆரன் வைனர் இந்த ஒரு அனுமானத்தை மட்டும் மாற்றினார். ஒட்டுக்கேட்பவருக்குக் கிடைப்பது கூடுதல் இரைச்சல் கலந்த பிரதி என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? சாவியே இல்லாமல் இரகசியம் சாத்தியம் என்பது அவர் கண்ட விடை.

இதன் உயிர்நாடியை இரண்டே பிட்களில் காட்டிவிடலாம். அனுப்ப வேண்டியது 0 என்றால் 00, 11 இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து அனுப்புங்கள். அனுப்ப வேண்டியது 1 என்றால் 01, 10 இரண்டில் ஒன்று. இரண்டு பிட்டும் கையில் கிடைத்த பெறுநர், அவை ஒன்றாக இருந்தால் 0 என்றும் வேறாக இருந்தால் 1 என்றும் படித்துக்கொள்வார். இரைச்சலால் ஒரு பிட்டை இழந்த ஒட்டுக்கேட்பவரைப் பாருங்கள். அவர் கையில் இருப்பது முதல் பிட்டான 0 மட்டும் என்றால், அனுப்பியது 00 ஆகவும் இருக்கலாம், 01 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. பாதி எழுத்து கிடைத்தும் செய்தியில் இம்மியளவுகூட அவருக்குத் தெரியவில்லை. உலகின் எல்லாக் கணினிகளையும் தந்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் கண்டுபிடிப்பதற்கான தகவலே அவரிடம் இல்லை. கொடுத்த விலை, ஒரு பிட்டுக்கு இரண்டு பிட். அதோடு, அனுப்புநர் வேண்டுமென்றே கலந்த குருட்டுத் தேர்வு. நடைமுறைக் குறியீடுகள் இதே தந்திரத்தை ஆயிரக்கணக்கான பிட் நீளத்துக்கு விரிக்கின்றன.

1978-இல் ஹங்கேரியின் இம்ரே சிசாரும் யானோஷ் கோர்னரும் இதைப் பொதுமைப்படுத்தினார்கள். அதே ஆண்டு லியுங்-யான்-சியோங், மார்ட்டின் ஹெல்மன் இருவரும் வானொலிக்குப் பொருந்தும் வடிவத்தைத் தந்தார்கள். பெறுநரின் சேனல் தாங்கும் வேகத்திலிருந்து ஒட்டுக்கேட்பவரின் சேனல் தாங்கும் வேகத்தைக் கழித்தால் மிஞ்சுவதே இரகசியமாக அனுப்பக்கூடிய வேகம். பெறுநரிடம் சிக்னல் இரைச்சலைப்போல 31 மடங்கு என்றால் அவர் சேனல் ஒவ்வொரு முறையும் 5 பிட் தாங்கும். ஒட்டுக்கேட்பவரிடம் 7 மடங்கு என்றால் 3 பிட். மிச்சம் 2 பிட் இரகசியமாகச் செல்லும். ஒட்டுக்கேட்பவர் பெரிய ஆன்டெனாவோடு நெருங்கிவந்து 31 மடங்கைத் தாமும் பெற்றுவிட்டால் மிச்சம் பூஜ்யம்.

இந்தச் சூத்திரத்தின் இணையாசிரியரான ஹெல்மன்தான் 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியோடு சேர்ந்து பொதுச்சாவி மறையாக்கத்துக்கு வழி திறந்தவர். ஒரே மனிதர் இரண்டு பாதைகளிலும் நடந்திருக்கிறார். உலகம் ஒன்றைத்தான் பின்தொடர்ந்தது. அதில் நியாயம் உண்டு. பொதுச்சாவி முறைக்கு ஒட்டுக்கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டியதில்லை. செய்தி முழுவதும் அவர் கைக்குப் போனாலும் பரவாயில்லை. கடினமான ஒரு கணக்கை அவரால் போட முடியாது என்ற நம்பிக்கை போதும். வைனரின் வழியோ கணக்குப்போடும் திறமையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, நிற்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறது.

இருபது ஆண்டுகள் ஏறக்குறைய உறங்கிக் கிடந்த துறையை எழுப்பியவை செல்போனும் பல ஆன்டெனாக் கருவிகளும். இதற்கிடையே 1993-இல் யூலி மௌரர் ஒரு முக்கியமான வாசலைத் திறந்தார். செயற்கைக்கோள் ஒன்று குருட்டு பிட்களை ஒலிபரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் அவை பிழைகளோடு கிடைக்கின்றன. ஒட்டுக்கேட்பவரின் ஆன்டெனாவே மற்ற இருவருடையதைவிட நல்லது. அப்போதும், யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய வழியில் இருவரும் பேசிப் பேசி ஒரு சாவியை எட்ட முடியும் என்று மௌரர் காட்டினார். தமக்கு அதிர்ஷ்டவசமாகப் பிழையின்றிக் கிடைத்திருக்கக்கூடிய தருணங்களை அவர்கள் பொறுக்கியெடுத்து மற்றதைத் தள்ளிவிடுகிறார்கள். எந்தத் தருணத்தை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமை ஒட்டுக்கேட்பவருக்கு இல்லை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே இரகசியம் வடிந்து வருகிறது.

இன்னொரு வழி, ஒட்டுக்கேட்பவருக்கு இரைச்சல் போதவில்லை என்றால் நாமே சேர்த்துவிடுவது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் சதாஷு கோயல், ரோஹித் நேகி இருவரும் 2000-களின் நடுவில் இதை வடிவமைத்தார்கள். பல ஆன்டெனாக்கள் உள்ள அனுப்புநர் செய்தியோடு செயற்கை இரைச்சலையும் வெளியிடுகிறார். பெறுநர் இருக்கும் இடத்தில் மட்டும் அந்த இரைச்சல் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி கணக்கிட்டு வெளியிடுகிறார். வேறெங்கு நின்றாலும் இரைச்சல் காதை அடைக்கும். ஒட்டுக்கேட்பவரின் இடம் தெரிய வேண்டியதில்லை என்பது இதன் கவர்ச்சி.

இந்த எண்ணம் மனித உடம்பருகே வந்தபோது நடந்ததைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் குழு ஒன்று, மார்புக்குள் பொருத்தப்படும் இதய அதிர்வுக் கருவியின் வானொலித் தொடர்பைச் சோதித்தது. நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருத்துவ விவரங்கள் மறையாக்கமின்றியே காற்றில் போய்க்கொண்டிருந்தன. வெளியிலிருந்து கட்டளை கொடுத்து மின்னதிர்ச்சி தரவைக்கவும் முடிந்தது. கருவிக்குள் மறையாக்கத்தைப் புகுத்திவிடலாம் என்று சொல்வது எளிது. ஏற்கெனவே உடம்புக்குள் இருக்கும் கருவியை மாற்ற அறுவை சிகிச்சை வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி, வெளியூரில் மயங்கி விழுந்த நோயாளியை அறிமுகமற்ற மருத்துவமனையில் சேர்த்தால் அங்குள்ள மருத்துவரிடம் சாவி இருக்குமா என்பது. அங்கே பூட்டே உயிரை எடுத்துவிடும்.

2011-இல் எம்ஐடியும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதற்கு ஒரு விடை தந்தன. கட்டுரையின் முதல் ஆசிரியர் ஷ்யாம்நாத் கொல்லகோட்டா, சென்னை ஐஐடியில் பட்டம் பெற்றவர். அவர்கள் செய்தது ஷீல்ட் என்ற கருவி. கழுத்தணிபோல உடம்பின் மேல் அணிந்துகொள்ளும் வகையில் எண்ணப்பட்டது. உள்ளே இருக்கும் கருவி பேசத் தொடங்கியதும் ஷீல்ட் அதே அலைவரிசையில் குருட்டு இரைச்சலை எழுப்பும். வெளியே நிற்பவருக்குச் செய்தி அதில் அமுங்கிவிடும். ஷீல்டின் இன்னொரு ஆன்டெனாவில், அந்த இரைச்சலை ரத்து செய்யும் எதிர் சிக்னல் ஊட்டப்படுவதால், அதற்கு மட்டும் செய்தி தெளிவாகக் கேட்கும். கேட்டதை மறையாக்கம் செய்து மருத்துவரின் கருவிக்கு அனுப்பும். அவசரம் என்றால் கழற்றி வைத்துவிடலாம். கருவி பழையபடி யாருக்கும் திறந்திருக்கும்.

மனித உடம்புக்குப் பதிலாகப் பன்றி இறைச்சித் துண்டுகளுக்கும் அரைத்த மாட்டிறைச்சிக்கும் நடுவே இதயக் கருவியைப் புதைத்துச் சோதித்தார்கள். ஷீல்டுக்கு வந்த செய்திகளில் தவறியவை 0.2 சதவீதம். 20 சென்டிமீட்டர் அருகில் வைத்த ஒட்டுக்கேட்கும் ரிசீவரிலோ பிட்களில் ஏறக்குறைய 50 சதவீதம் பிழை. பாதிக்குப் பாதி பிழை என்றால் நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். அதைவிட மோசமாக்க முடியாது.

இரண்டு ஆண்டுகளில் மறுப்பு வந்தது. ஷீல்டின் வாதம் இதுதான்: இதயக் கருவி பேசும் 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அலைநீளம் சுமார் 74 சென்டிமீட்டர். ஷீல்டுக்கும் இதயக் கருவிக்கும் இடையே அதில் பாதிகூட இல்லை. ஆகவே எட்ட நிற்பவரால் இரண்டின் அலைகளையும் பிரித்தறிய முடியாது. ஜூரிக் இடிஎச் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட கட்டுரை இந்த வாதத்தை இரண்டு ஆன்டெனாக்களால் உடைத்தது. இரண்டையும் ஷீல்டிலிருந்து சம தூரத்தில் வைத்தால் இரண்டிலும் ஒரே இரைச்சல் ஒரே கணத்தில் வந்து விழும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் போய்விடும். இதயக் கருவியோ ஷீல்ட் இருக்கும் அதே புள்ளியில் இல்லை. அதன் சிக்னல் இரு ஆன்டெனாக்களுக்கும் சற்றே முன்பின்னாக வரும். கழித்த பிறகும் ஒரு பகுதி எஞ்சும். எஞ்சியதிலிருந்து செய்தியை மீட்கலாம். சில மீட்டர் தொலைவிலிருந்தே இது இயலும் என்று அவர்கள் செய்து காட்டினார்கள்.

2011-இன் அளவீடுகள் பொய்யில்லை. அவை ஒற்றை ஆன்டெனாவோடு வருபவரைப் பற்றிச் சொன்ன உண்மை. எதிராளியைக் கணிதம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை, ஆய்வாளர்தான் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வு கட்டுரையில் ஒரு வரியாக வந்துவிட்டுப் போகிறது. முடிவோ அந்த வரியைத் தாண்டி எங்கும் செல்லாது.

இந்தத் துறையின் இன்னொரு பெரிய கிளை, காற்றிலிருந்தே சாவி எடுப்பது. இரண்டு வைஃபை கருவிகளுக்கு இடையே அலை சுவரிலும் மேசையிலும் மனிதர்மேலும் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் செல்கிறது. இங்கிருந்து அங்கே செல்லும்போது எப்படி வலுவிழக்கிறதோ, அதே கணத்தில் அங்கிருந்து இங்கே வரும்போதும் அப்படியே வலுவிழக்கும். இது மின்காந்த அலையின் இயல்பு. ஆக, இருவரும் மாறி மாறிச் சோதனைச் சிக்னல் அனுப்பி வலிமையை அளந்தால் ஏறக்குறைய ஒரே ஏற்ற இறக்கம் இருவர் ஏட்டிலும் பதியும். ஏற்றத்தை 1 என்றும் இறக்கத்தை 0 என்றும் குறித்து, இரண்டுக்கும் நடுவே ஊசலாடுபவற்றைத் தள்ளி, மிச்சப் பிழைகளைப் பேசித் திருத்தி, பேசியதால் கசிந்ததை ஈடுகட்டச் சாவியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். பாடநூல் மாதிரியின்படி அதில் பாதியான 6.25 சென்டிமீட்டர் தள்ளி நிற்பவர் காண்பது தொடர்பற்ற வேறொரு ஏற்ற இறக்கம்.

2008-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் சாதாரண வைஃபை கருவிகளில் இதைச் செய்துகாட்டியபோது வினாடிக்குச் சுமார் ஒரு பிட் கிடைத்தது. குறைவாகத் தோன்றலாம். 128 பிட் சாவிக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். சாவியை அடிக்கடி புதுப்பிக்க அது தாராளம். அடுத்த ஆண்டு யூட்டா பல்கலைக்கழகக் குழு வெவ்வேறு இடங்களில் சோதித்தது. கருவியோடு நடக்கும்போதும் சைக்கிளில் போகும்போதும் நல்ல சாவி வந்தது. கருவிகள் இரண்டும் அசையாமல், சுற்றிலும் எதுவும் அசையாமல் இருந்தபோது அளவீட்டில் பதிந்ததில் பெரும்பகுதி கருவியின் சொந்த இரைச்சல்தான். இருவர் ஏடும் ஒத்துப்போகவில்லை. அதைவிடக் கவலை தருவது, ஒருவர் இரு கருவிகளுக்கும் குறுக்கே திட்டமிட்டு நடந்தால் சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அவரே உண்டாக்க முடிந்தது. தாம் உண்டாக்கிய ஏற்ற இறக்கம் அவருக்குத் தெரியாதா என்ன?

இந்தச் சாவி முறையை எந்தக் கருவிகளுக்காகப் பரிந்துரைக்கிறார்களோ, அவற்றில் பல சுவரில் அறைந்த உணரிகள், மீட்டர்கள். மறையாக்கத்துக்குப் போதிய மின்கலமோ செயலியோ அவற்றில் இல்லை என்பது பரிந்துரைக்கான காரணம். ஆனால் அசையாமல் கிடப்பதுதான் அவற்றின் தொழில். அரைஅலைநீள விதியும் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. அலைகள் எல்லாத் திசையிலிருந்தும் சமமாகச் சிதறி வரும் சூழலுக்கான விதி அது. நேர்ப்பார்வையில் வலுவான ஒரே அலை வரும் திறந்தவெளியில், தள்ளி நிற்பவருக்கும் ஒத்த ஏற்ற இறக்கம் கிடைக்கிறது என்று பின்வந்த அளவீடுகள் காட்டின.

மிகக் குறுகிய கற்றையாக அனுப்பிவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் சிந்தாது என்ற நம்பிக்கைக்கும் இதே கதிதான். டெராஹெர்ட்ஸ் அலைகளைப் பற்றி அப்படிச் சொல்லப்பட்டுவந்தது. 2018-இல் பிரவுன், ரைஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டது. கற்றையின் ஓரத்தில் ஒரு சிறு உலோகப் பொருளை வைத்தால் போதும். அது தெறிக்கும் அலையை வேறு திசையில் நின்று பிடிக்கலாம். பெறுநருக்குச் சிக்னல் குறைந்தது தெரியாத அளவுக்குச் சிறிய பொருளாகவும் இருக்கலாம். ஒட்டுக்கேட்பவர் தாம் கற்றைக்குள் நிற்க வேண்டிய தேவை அதோடு போயிற்று.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தத் துறையைத் தூக்கிப்போட்டுவிடலாம் என்பது என் முடிவில்லை. மறையாக்கத்தால் செய்ய முடியாத ஒன்றை இது செய்கிறது. பொதுச்சாவி முறைகளில் இன்று புழங்குபவற்றைப் பெரிய குவாண்டம் கணினி உடைக்கும் என்று 1994-இல் பீட்டர் ஷோர் காட்டினார். இன்று பதிவுசெய்து வைத்துக்கொண்டு நாளை உடைக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு எதிராகத்தான் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2024-இல் புதிய தரங்களை வெளியிட்டது. அவையும் ஏதோ ஒரு கணக்கு கடினமானது என்ற நம்பிக்கையில் நிற்பவையே. இன்று ஒட்டுக்கேட்பவரின் ரிசீவரில் விழவே விழாத பிட்டை நாளைய எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. நீண்ட சாவியைப் பகிராமலே கிடைக்கும், காலத்தால் கெடாத இந்த உறுதி பௌதிக அடுக்குக்கே உரியது. யார் யாரோடு எப்போது பேசுகிறார் என்பதை மறைப்பதும் அப்படித்தான். மறையாக்கம் உள்ளடக்கத்தை மறைக்கும், பேச்சு நடப்பதை மறைக்காது. இரைச்சலுக்கு அடியில் ஒளிந்து பேசுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்று மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் நிறுவினார்கள். நான்கு மடங்கு நேரம் பேசினாலும் இரண்டு மடங்கு பிட்தான் தெரியாமல் செல்லும்.

மறுபுறம், புவிநிலைச் செயற்கைக்கோளின் அலை பூமிப்பரப்பில் 40 சதவீதம் வரை படலாம். அந்த நிலப்பரப்பில் ஒட்டுக்கேட்பவர் இல்லாத மூலை எது என்று யார் சொல்வது? அங்கே மறையாக்கம் தவிர வேறு கதியில்லை. 2025-இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், கடையில் கிடைக்கும் சுமார் 800 டாலர் மதிப்புள்ள கருவிகளை மாடியில் வைத்துத் தேடியபோது, செல்பேசி அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் எந்த மறையாக்கமும் இல்லாமல் வானிலிருந்து இறங்கிக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். தெரிந்த, சோதிக்கப்பட்ட பூட்டைக்கூடப் போடாமல் விடுவது மன்னிக்கத் தக்கதில்லை. புதிய பௌதிக வித்தைகளைப் பேசுவதற்கு முன் இது சரியாக வேண்டும்.

ஆகவே பௌதிக அடுக்கை நம்பி விற்கப்படும் எந்தக் கருவியிடமும் முதலில் கேட்க வேண்டியது, எந்த எதிராளிக்கு எதிராகச் சோதித்தீர்கள் என்பதைத்தான். எத்தனை ஆன்டெனா, எவ்வளவு தூரம், கருவி அசைந்ததா அசையவில்லையா, எதிராளி கேட்க மட்டும் செய்தாரா அல்லது குறுக்கே நடக்கவும் செய்தாரா என்று விடை எண்களில் வர வேண்டும். அந்த விடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை மட்டுமே நம்பிக் கட்ட வேண்டிய தேவை பெரும்பாலான இடங்களில் இல்லை. காற்றிலிருந்து வினாடிக்கு ஒரு பிட் வீதம் எடுத்த சாவியையும் வழக்கமான பொதுச்சாவி முறையில் பெற்ற சாவியையும் ஒரு கலப்புச் சார்பில் இட்டு ஒரே சாவியாக்கி, அதை ஏஇஎஸ் மறையாக்கத்துக்குக் கொடுக்கலாம். அப்போது அந்தச் சாவியை எட்ட நினைப்பவர் கடினமான கணக்கையும் போட்டாக வேண்டும், சாவி பிறந்த அந்த இரண்டு நிமிடமும் சரியான இடத்தில் சரியான ஆன்டெனாவோடு நின்றிருக்கவும் வேண்டும்.